ஆளுமைக் கோளாறும் மீண்டெழும் திறனும்: திருமலையில் ஒரு கிளினிக் ஆய்வுக்கு எதை, எப்படி அளப்பது?

நிலாவெளி_ஆய்வு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். திருமலையில், அதாவது திருகோணமலையில், மனநல கிளினிக்குக்கு வருபவர்களிடம் ஒரு ஆய்வு செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மீண்டெழும் திறனில் என்ன வித்தியாசம் என்பதுதான் அடிப்படைக் கேள்வி. ஒழுக்கவியல் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய முன்மொழிவு இப்போதைக்கு இப்படி நிற்கிறது.

18 முதல் 60 வயது வரை, 384 பேர். ஆளுமைக்கு பிஐடி-5 இன் 25 வினாச் சுருக்கம். மீண்டெழும் திறனுக்கு சிடி-ரிஸ்க், அதுவும் 25 வினா. இரண்டையும் நாங்களே தமிழாக்கி, நம்பர் எடுத்துவிட்டு வாங்கில் காத்திருக்கும் நேரத்தில் நிரப்பக் கொடுத்து, அன்றைக்கே திருப்பி வாங்குவது. பிறகு இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தொடர்பைக் கணிப்பது.

என் சந்தேகங்கள்: இந்த இரண்டு வினாக்கொத்தும் போதுமா? டவுனில் இருந்து வருபவர்களுக்கும் கிண்ணியா, மூதூர் ஆக்களுக்கும் ஒரே தமிழ்ப் பிரதி சரிவருமா? யுத்தமும் 2004 சுனாமியும் பார்த்த சனத்திடம் எது காயத்தின் விளைவு, எது ஆளுமை என்று பிரிப்பது எப்படி? நிரப்பும்போது ஒருவர் சாக நினைப்பதாகக் குறித்தால் அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவி.

---

உவர்மலை_வைத்தியர் எழுதியது:

தங்கச்சி, முன்மொழிவைக் குழுவுக்கு அனுப்ப முன்னமே கேட்டது நல்லது. அதில் ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கிறது.

பிஐடி-5 ஆளுமைக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. அது குணப்போக்கை மட்டும் அளக்கும்: ஐந்து களம், களத்துக்கு ஐந்து வினா. ஒருவருக்கு எதிர்மறை உணர்ச்சி கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் வேலை, வீடு, உறவு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கலாம். அது கோளாறு இல்லை. கோளாறு என்று சொல்ல, தன்னைப் பற்றிய உணர்வும் மற்றவர்களோடு பழகும் விதமும் நெடுங்காலமாகக் குலைந்திருக்க வேண்டும். அந்தக் குலைவின் ஆழத்தைத்தான் நீங்கள் அளக்க வேண்டும்.

2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இதைத்தான் நடுவில் வைத்திருக்கிறது. பழைய வகைப் பெயர்களை எடுத்துவிட்டு 6டி10 என்ற ஒரே குறியீட்டின் கீழ் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று நிலை வைத்தார்கள். கோளாறு அளவுக்குப் போகாத 'ஆளுமைச் சிரமம்' தனியாக இருக்கிறது. நிலையைத் தீர்மானித்த பிறகுதான் குணப்போக்கு: எதிர்மறை உணர்ச்சி, ஒதுங்கல், பிறரை மதியாமை, கட்டுப்பாடின்மை, மிதமிஞ்சிய ஒழுங்குப் பிடிவாதம். விரும்பினால் எல்லைக்கோட்டு வடிவம் (உணர்ச்சியும் உறவும் தன்னைப் பற்றிய உணர்வும் நிலைக்காமல் மாறுவது) என்ற குறிப்பையும் சேர்க்கலாம். கவனியுங்கள், கடைசிக் களமான ஒழுங்குப் பிடிவாதம் பிஐடி-5 சுருக்கத்தில் இல்லை. அதில் உள்ள உளப்பிறழ்வுப் போக்கு ஐசிடி-11 பட்டியலில் இல்லை. இரண்டையும் கலந்தால் அறிக்கை எழுதும்போது மாட்டுப்படுவீர்கள்.

செய்யக்கூடிய வழி இரண்டு படி. முதற்படியில் சாபாஸ் என்ற எட்டு வினா வடிகட்டி. ஆம், இல்லை என்ற பதில்தான், இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். 2003இல் மோரனும் கூட்டாளிகளும் லண்டனில் 60 நோயாளிகளிடம் பார்த்தபோது மூன்று அல்லது அதற்கு மேல் என்ற எல்லையில் கோளாறு உள்ளவர்களைப் பிடிக்கும் திறன் 0.94, இல்லாதவர்களை விலக்கும் திறன் 0.85. அந்த எண்ணை அப்படியே இங்கே நம்ப வேண்டாம். அதன் மூன்றாவது வினா, பொதுவாக மற்றவர்களை நம்புவீர்களா என்று கேட்கும். 'இல்லை' என்றால் ஒரு புள்ளி. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும் பார்த்து வளர்ந்த ஒருவர் 'இல்லை' என்பது நோயா, அனுபவமா? ஆகவே மூன்றுக்குக் கீழே எடுத்தவர்களிலும் ஒரு பகுதியினரைக் குலுக்கலில் எடுத்து இரண்டாம் படிக்கு அனுப்புங்கள். இல்லாவிட்டால் வடிகட்டி இங்கே எவ்வளவு தூரம் பிழைக்கிறது என்று கணிக்க வழியே இருக்காது.

இரண்டாம் படி நேர்காணல். அமெரிக்க வகைப்பாடான டிஎஸ்எம்-5 படி போனால் எஸ்சிஐடி-5-பிடி, கேள்விகளை முன்பே ஒழுங்குபடுத்திய நேர்காணல். ஐசிடி-11 தீவிரத்துக்கு 14 வினா கொண்ட பிடிஎஸ் அளவுகோல் இருக்கிறது, அதைத் துணையாக வையுங்கள். நேர்காணலுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், கிளினிக் வாங்கில் நடக்காது. கேட்பவர் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். முதல் 20 நேர்காணலையாவது இருவர் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிடுங்கள்.

நேர்காணலில் அடிக்கடி பிழைக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

காலம். மனச்சோர்வு உச்சத்தில் இருக்கும்போது கேட்டால் யாருக்கும் ஆளுமைக் கோளாறு இருப்பது போலத்தான் தெரியும். தன்னைக் கரித்துக் கொட்டுவார், உறவெல்லாம் பிழைத்தது என்பார். மருந்து தொடங்கி நோய் தணிந்த பிறகு கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "நீங்கள் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் இன்றைய மனநிலைதான் பதிலாக வரும். "போன பெருநாள், பொங்கல் காலத்தில், உடம்பு மனம் எல்லாம் நல்லா இருந்த நேரம், வேலைத்தலத்தில் ஆரோடும் பிரச்சினை வந்ததா? வந்தால் எத்தனை நாள் கதைக்காமல் இருந்தீங்கள்?" என்று ஒரு காலத்தையும் ஒரு சம்பவத்தையும் பிடித்துக் கேட்க வேண்டும். ஐசிடி-11 இரண்டு வருடம் அல்லது அதற்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. நோயாளி சம்மதித்தால் தாய், சகோதரம், வாழ்க்கைத் துணை என்று நெருக்கமான ஒருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

மனநிலை மாற்றம். காலையில் சிரிப்பு, மத்தியானம் கோபம், பின்னேரம் அழுகை என்று மணிக்கணக்கில் மாறுவது எல்லைக்கோட்டு வடிவத்தின் பக்கம். இருதுருவக் கோளாறில் டிஎஸ்எம்-5 படி சிறு உற்சாக நிலைக்கே தொடர்ந்து நான்கு நாள் வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வருடக்கணக்கில் மருந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நஞ்சு குடித்தல். ஒரு சண்டை முடிந்த கையோடு பூச்சிமருந்தை எடுப்பது இலங்கையில் நீண்டகாலப் பிரச்சினை. 1995இல் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 வரை போய், கொடிய பூச்சிகொல்லிகளைத் தடைசெய்த பிறகு பெருமளவு இறங்கியது. சனத்தின் ஆளுமை மாறி அது இறங்கவில்லை. கைக்கெட்டும் நஞ்சு மாறியது. ஒருதடவை குடித்தார் என்பதற்காக எல்லைக்கோடு என்று போட வேண்டாம். ஒரு பிள்ளையின் கிளினிக் கொப்பியில் அந்தச் சொல் ஏறிவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு வைத்தியரும் அந்தக் கண்ணால்தான் பார்ப்பார்.

அடுத்து உங்கள் மூன்றாவது கேள்வி. ஐசிடி-11 விளக்கத்திலேயே இருக்கிறது: அந்த நடத்தை சமூக, பண்பாட்டுக் காரணத்தால், சமூக அரசியல் மோதல் உட்பட, முதன்மையாக விளங்கிக்கொள்ளக் கூடியதென்றால் அது ஆளுமைக் கோளாறு இல்லை. திருமலைக்கு இந்த வரி மிக முக்கியம். பிள்ளையைக் காணாமற் போகக் கொடுத்த தாய் அதிகாரி எவரையும் நம்பமாட்டார். அது சந்தேக ஆளுமை இல்லை. கோயிலில் உருவாடுவது விசித்திர ஆளுமை இல்லை. 28 வயதில் கலியாணத்தைப் பற்றித் தாய் தகப்பனிடம் கேட்டு முடிவெடுப்பது சார்பு ஆளுமை இல்லை. சோதிக்க ஒரு வழி: அதே ஊரில் அதே இழப்புக் கண்ட அயலவர்களும் இப்படித்தான் இருக்கிறார்களா? அவர்களுக்கே இவர் வித்தியாசமாகத் தெரிகிறாரா?

இதோடு சிக்கலான மனவடு நிலையையும் பிரிக்க வேண்டும். அதன் குறியீடு 6பி41. அதற்கு மனவடுவின் மூன்று கூறும் இருந்தே ஆக வேண்டும்: சம்பவம் இப்போது நடப்பது போலத் திரும்ப வருவது, நினைவூட்டுவதைத் தவிர்ப்பது, ஆபத்து இன்னும் அருகில் என்ற பதற்றம். அதற்கு மேல் உணர்ச்சிக் கட்டுப்பாடு குலைவது, தன்னைப் பற்றிய தாழ்வு, உறவுச் சிரமம். எல்லைக்கோட்டோடு பார்க்கும்போது வேறுபாடு இங்கே: சிக்கலான மனவடுவில் 'நான் உதவாதவள்' என்ற எண்ணம் அசையாமல் நிற்கும், எல்லைக்கோட்டில் தன்னைப் பற்றிய உணர்வே நாளுக்கொன்றாக மாறும். முன்னதில் உறவிலிருந்து விலகுவார். பின்னதில் இறுக்கிப் பிடிப்பார், அடுத்த நாள் தள்ளிவிடுவார். ஐடிகியூ என்ற 18 வினாக்கொத்தைச் சேர்த்தால் இதை எண்ணாகப் பார்க்கலாம். இரண்டும் ஒருவரிலேயே சேர்ந்திருக்கவும் கூடும்.

---

எண்ணும்_எழுத்தும் எழுதியது:

வைத்தியர் ஆளுமைப் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் மீண்டெழும் திறனைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் திட்டத்தில் உண்மையான ஓட்டை அங்கேதான்.

ஒரே நாளில், ஒரே ஆளிடம், இரண்டு சுயமதிப்பீட்டு வினாக்கொத்து. ஒன்று 'எனக்கு உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாது' என்று கேட்கிறது, மற்றது 'கஷ்டத்தில் நான் நிதானமாக இருப்பேன்' என்று கேட்கிறது. இரண்டுக்கும் எதிர்த்தொடர்பு வராவிட்டால்தான் அதிசயம். 2018இல் ஓஷியோவும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றப்படும் குணத்துக்கும் மீண்டெழும் அளவுகோல்களுக்கும் தொடர்பு -0.46 என்று வந்தது. 'ஆளுமைக் கோளாறு உள்ளவர்களிடம் மீண்டெழும் திறன் குறைவு' என்று நீங்கள் முடிவு எழுதினால், ஒரே விஷயத்தை இரண்டு பெயரில் அளந்து, அவை ஒத்துப்போகின்றன என்று சொன்னதாகத்தான் இருக்கும்.

மீண்டெழுதல் என்பது ஒருவரிடம் இருக்கும் குணம் என்று எடுப்பதை விட, அடி விழுந்த பிறகு நடப்பது என்று எடுப்பது உறுதியானது. மீண்டெழுதலை ஆராயும் ரஃபாயெல் காலிஷும் கூட்டாளிகளும் பல வருடமாக வலியுறுத்துவது இதைத்தான். வந்த சுமை எவ்வளவு, அதற்குப் பிறகு மனநலம் எப்படி இருந்தது: இந்த இரண்டையும் காலத்தோடு அளந்து, சுமைக்கு எதிர்பார்த்ததை விட நன்றாக இருக்கிறாரா, மோசமாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. எல்லாருடைய தரவையும் போட்டு, இவ்வளவு சுமைக்கு இவ்வளவு புள்ளி எதிர்பார்க்கலாம் என்று காட்டும் கோடு (ரிக்ரெஷன்) வரைகிறீர்கள். பிஎச்கியூ-9 (மனச்சோர்வை அளக்கும் ஒன்பது வினாக்கொத்து) புள்ளி = 4 + 1.5 × கஷ்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை என்று வருகிறது என்று வையுங்கள். ஆறு நிகழ்வு கண்டவருக்கு எதிர்பார்ப்பு 13. அவர் எடுத்தது 8. மிச்சம் -5, சுமைக்கு மேலாகத் தாங்கியிருக்கிறார். ஒரு நிகழ்வு மட்டும் கண்டவருக்கு எதிர்பார்ப்பு 5.5. அவரும் 8 எடுத்திருந்தால் மிச்சம் +2.5. ஒரே புள்ளி, எதிர்த்திசை விளக்கம். இந்த மிச்சத்தைத்தான் ஆளுமைத் தீவிரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இதில் கைதவறும் இடம் இரண்டு. கோட்டை எல்லாரையும் சேர்த்துப் போட வேண்டும். ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்கென்று தனிக்கோடு போட்டால், தேடும் வித்தியாசமே அந்தக் கோட்டுக்குள் காணாமற் போய்விடும். இரண்டாவது, நிகழ்வுகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பதியுங்கள். புயல், விலைவாசி, ஒரு மரணம் எல்லாம் ஆளைக் கேட்டு வருவதில்லை. சண்டை, வேலையை விட்டது, பிரிவு ஆகியவற்றில் ஆளுடைய பங்கும் இருக்கலாம். ஆளுமைக் கோளாறில் இரண்டாம் வகை கூடுதலாக நடக்கும். கலந்து எண்ணினால் 'இவருக்குச் சுமை அதிகம்' என்று கோடு மன்னித்துவிடும், திறன் இருப்பது போல எண் காட்டும்.

384 என்பதைக் கைவிடுங்கள். ஒரு சனத்தொகையில் வீதத்தை 95 வீத நம்பிக்கையில் ±5 துல்லியத்தோடு மதிப்பிடும் சூத்திரத்தில் இருந்து வருவது அது. உங்களுடையது தொடர்பைத் தேடும் ஆய்வு. 80 வீத வலுவோடு, அதாவது தொடர்பு உண்மையில் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க 80 வீத வாய்ப்போடு, 0.3 அளவு தொடர்பைப் பிடிக்க 85 பேர் போதும், 0.2ஐப் பிடிக்க 194 பேர். இடையில் ஐந்தில் ஒருவர் விலகுவார் என்று வைத்தால் 243 பேரைச் சேருங்கள். 384 பேரை ஒருதடவை பார்ப்பதை விட 243 பேரை ஒரு வருடம் தொடர்வது பல மடங்கு பெறுமதி.

சுயமதிப்பீட்டு மீண்டெழும் அளவுகோல் ஒன்றும் வேண்டுமென்றால் துணைக்கு வையுங்கள், ஆனால் 25 வினா சிடி-ரிஸ்க் வேண்டாம். அதற்கு உரிமையாளர்களிடம் அனுமதி எடுத்துக் கட்டணமும் கட்ட வேண்டும். அதிலுள்ள கடவுள், விதி பற்றிய வினாவுக்கு எங்கட பக்கத்தில் கோயிலுக்கோ பள்ளிக்கோ போகிற எல்லாரும் உச்சப் புள்ளி தருவார்கள். எல்லாரும் ஒரே பதில் சொல்லும் வினா எதையும் அளக்காது. பத்து வினாப் பிரதியில் அது இல்லை, அதுவும் அனுமதியோடுதான். இல்லாவிட்டால் பிஆர்எஸ் என்ற சுருக்க மீண்டெழும் அளவுகோல், ஆறே வினா. அதில் 2, 4, 6ஆம் வினாக்களைத் தலைகீழாகப் புள்ளியிட வேண்டும். எதிர்மறையாக எழுதிய வினாவை வாசித்துக் காட்டி 'உடன்படவில்லை' என்று பதில் எடுப்பது தமிழில் இரட்டை மறுப்பாகி ஆக்களைக் குழப்பும். முன்னோட்டத்தில் இந்த மூன்றும் மற்ற மூன்றோடு ஒட்டாமல் தனியே பிரிந்தால் காரணம் அதுவாக இருக்கும். 3க்குக் கீழே குறைவு, 4.3க்கு மேலே கூடுதல் என்ற எல்லைகள் அமெரிக்கத் தரவில் இருந்து வந்தவை, இங்கே பாவிக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பு முறை சுருக்கமாக: இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், ஒருவருக்கு உளவியல் தெரிந்திருக்கட்டும், மற்றவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். இரண்டையும் சேர்த்து ஒரு பிரதி. மூலத்தைப் பார்க்காத இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். குழுவாக இருந்து வினா வினாவாக ஒப்பிட வேண்டும். பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்னோட்டம், ஒவ்வொரு வினாவுக்கும் 'இதில் என்ன கேட்கிறார்கள் என்று நினைச்சீங்கள்?' என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் செய்த பிரதி கிடைத்தாலும் இந்தக் கடைசிப் படியைத் தாண்ட வேண்டாம். இரண்டு கிழமை கழித்து ஒரு சிறு குழுவிடம் திரும்பக் கேளுங்கள். வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அல்ஃபா 0.7 தாண்டினால் நல்லது, 0.95 தாண்டினால் ஒரே வினாவைப் பல விதமாகக் கேட்கிறீர்கள்.

---

கொட்டியாரக்_களம் எழுதியது:

களத்தில் நிற்பவர்கள் பக்கத்தால் சில விஷயம். இரண்டாவது கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

ஒரே பிரதி சரிவரும், ஆனால் முன்னோட்டத்தின் 40 பேரில் டவுன், கிண்ணியா, மூதூர், குச்சவெளி எல்லா இடத்து ஆக்களும் இருக்க வேண்டும். எழுத்துத் தமிழில் 'பின்னடைவு', 'சவால்', 'மன அழுத்தம்' என்று போட்டால் படித்த பிள்ளைகள் நிரப்புவார்கள், கடற்தொழில் செய்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். நேர்காணல் செய்பவர் அந்த இடத்திலேயே தன்பாட்டில் விளக்கம் சொல்லத் தொடங்கினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வினா கேட்டதாகிவிடும். விளக்கத்தையும் முன்கூட்டியே எழுதி எல்லாருக்கும் அதையே சொல்லுங்கள். ஐந்து படிப் பதிலை வாயால் கேட்க வேண்டாம், ஒரு மட்டையில் வெறுமையில் இருந்து நிறைந்தது வரை ஐந்து குவளை கீறித் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கிளினிக் வாங்கில் நிரப்பக் கொடுப்பது அறவே வேண்டாம். பக்கத்தில் மாமியார் இருப்பார், புருஷன் இருப்பார், அடுத்த வீட்டு ஆளும் இருப்பார். அப்படி எழுதும் பதில் அவர்களுக்காக எழுதும் பதில். கதவு மூடக்கூடிய ஒரு அறை எடுங்கள். மூதூர்ப் பக்கம் போகிறவர்களுக்குப் பஸ் நேரம் இருக்கிறது, மருந்து எடுத்த பிறகு ஒரு மணித்தியாலம் மறிக்க முடியாது. நேர்காணலுக்கு வேறு நாள் கொடுத்துப் போக்குவரத்துச் செலவைத் திட்டத்திலேயே போடுங்கள். பிரதேச வைத்தியசாலைகளில் நடக்கும் கிளினிக்குக்கு நீங்கள் போக முடிந்தால் இன்னும் நல்லது.

கையெழுத்து. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்ட பட்டியல்களால் இந்தச் சனம் பட்டது கொஞ்சமில்லை. சம்மதப் படிவத்தைக் கண்டதும் மௌனமாகிவிடுவார்கள், அல்லது பயத்தில் ஓம் என்பார்கள். சாட்சி முன்னிலையில் வாய்மொழிச் சம்மதத்துக்கு ஒழுக்கவியல் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம் எந்தத் தாளிலும் வேண்டாம். பெயரையும் இலக்கத்தையும் இணைக்கும் பட்டியல் ஒரே ஒரு பூட்டிய இடத்தில் இருக்கட்டும். டெப்லெட்டில் தரவு எடுத்தால் இடங்காட்டியை நிறுத்திவிடுங்கள். குழுவின் அனுமதிக்குப் பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிடமும் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும், இதற்கும் காலம் ஒதுக்குங்கள்.

காலம் பற்றி மேலே சொல்லாத ஒன்று. ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை அளப்பது திருமலையில் பிழைக்கும். சித்திரையில் இருந்து கச்சான் காற்றுக் காலம், கடல் இறங்கும், உல்லாசப் பயணிகள் வருவார்கள், கையில் காசு புழங்கும். கார்த்திகை, மார்கழியில் வாடையும் மழையும், வள்ளம் கரையில். வைகாசியில் ஒருதடவையும் கார்த்திகையில் ஒருதடவையும் கேட்டால் நீங்கள் அளப்பது காற்றைத்தான். 12 மாதத்துக்கு, மூன்று மாதத்துக்கொருதடவை எடுங்கள், தொடங்கிய அதே மாதத்தில் முடியுங்கள். கிண்ணியா, மூதூர் ஆக்களிடம் நோன்பு மாதத்தில் பிஎச்கியூ-9 எடுக்க வேண்டாம். நித்திரை, பசி பற்றிய வினாக்களின் பதில் எல்லாம் அந்த மாதத்தில் மாறிவிடும். நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும், நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

நிகழ்வுப் பட்டியலை வெளிநாட்டுத் தாளில் இருந்து எடுக்க வேண்டாம். இங்கத்தைய பட்டியல் வேறு: வலை, எஞ்சின் பறிபோனது, நுண்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நின்றது, காணிப் பிரச்சினை, வெளிநாடு போன தாய் அல்லது புருஷன், குடியில் அடி, பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் நின்றது, காணாமற் போனவர் பற்றிய விசாரணைக்கு அழைப்பு. மாதமொருதடவை தொலைபேசியில் பத்து நிமிடத்தில் கேட்கலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்டால் பாதி மறந்துபோகும்.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். 'எங்கட சனம் எதையும் தாங்கும்' என்ற பேச்சு சேவைகளைக் குறைக்கக் காரணமாகக் கூடாது. ஹவாயின் கௌவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் பல தசாப்தம் தொடர்ந்தார். கடும் சூழலில் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாக வளர்ந்தார்கள். அவர்களைச் சுற்றி என்ன இருந்தது என்றும் அவர் எழுதினார்: பேத்தி பேரனைப் பார்த்த ஒரு அம்மம்மா, ஒரு ஆசிரியர், ஒரு கோயில் சபை. யாழ்ப்பாணத்தில் மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம் கூட்டு மனவடு என்று எழுதியதும் இந்தத் திசையில்தான், குடும்பமும் ஊரும் உடைந்ததைத் தனிமனித வினாக்கொத்து பிடிக்காது என்று. ஆகவே உங்கள் தாளில் ஆளைப் பற்றிய வினாக்களோடு இவற்றையும் சேருங்கள்: இரவில் கூப்பிட்டால் வரக்கூடியவர் எத்தனை பேர், மாதர் சங்கம், மீனவர் சங்கம், மரண உதவிச் சங்கம் எதிலாவது இருக்கிறாரா, போன மாதம் எத்தனை வீட்டுக்குப் போனார்.

---

நிலாவெளி_ஆய்வு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. திட்டத்தை இப்படி மாற்றுகிறோம்: 243 பேர், சாபாஸ், பிறகு தனியறையில் நேர்காணல், ஐடிகியூ, மாதாந்த நிகழ்வுப் பதிவு, மூன்று மாதத்துக்கொருதடவை பிஎச்கியூ-9, 12 மாதம்.

இதில் இரண்டு கேள்வி மிச்சம். கோளாறு இருக்கிறது என்று கண்டுபிடித்தபின் அவர்களை எங்கே அனுப்புவது? எல்லைக்கோட்டுக்குக் கொடுக்கும் பேச்சுச் சிகிச்சையான இயங்கியல் நடத்தைச் சிகிச்சை (டிபிடி) போல ஒன்றும் இங்கே கிளினிக்கில் ஒழுங்காக நடப்பதில்லையே. மற்றது, சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் பிஎச்கியூவின் ஒன்பதாவது வினா.

---

உவர்மலை_வைத்தியர் எழுதியது:

இயங்கியல் நடத்தைச் சிகிச்சைக்குக் கிழமைக்கொரு தனி அமர்வு, இரண்டரை மணித்தியாலக் குழு வகுப்பு, இடையில் தொலைபேசி ஆதரவு, சிகிச்சையாளர்களுக்கே ஒரு குழு எல்லாம் வேண்டும். ஆள்பலம் இல்லாத இடத்தில் பாதியாகச் செய்தால் இரு பக்கமும் களைத்துப்போகும். ஆனால் கைவிரிக்கத் தேவையில்லை. 2009இல் மக்மெய்ன் குழு கனடாவில் 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு அந்தச் சிகிச்சையும் மறுபகுதிக்கு ஒழுங்கான பொது மனநலப் பராமரிப்பும் ஒரு வருடம் கொடுத்தது. இரண்டு பகுதியும் தேறியது, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பொதுப் பராமரிப்பை இங்கே செய்யலாம். அதன் உள்ளடக்கம்: நோய் என்ன என்று ஆளுக்கும் குடும்பத்துக்கும் தெளிவாகச் சொல்வது, ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பது, ஒவ்வொரு நெருக்கடியையும் அதற்கு முந்திய உறவுச் சம்பவத்தோடு சேர்த்துப் பேசுவது, வேலை அல்லது படிப்பை முதல் இலக்காக வைப்பது, மருந்தைக் குறைவாக வைப்பது.

மருந்து பற்றி இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி 2009இலேயே சொல்லிவிட்டது: எல்லைக்கோட்டுக்கென்று மருந்து கொடுக்க வேண்டாம், நெருக்கடியில் சாந்தப்படுத்தும் மருந்து கொடுத்தாலும் ஒரு கிழமையைத் தாண்ட வேண்டாம். சேர்ந்து வரும் மனச்சோர்வுக்கு மருந்து வேண்டியிருந்தால் அளவைக் கவனியுங்கள். அமிட்ரிப்டிலின் போன்றதை ஒரு மாதத்துக்கு மொத்தமாகக் கையில் கொடுப்பது ஆபத்து, மிகையாகக் குடித்தால் இதயத்தை நிறுத்தும். கிழமைக்குரியதை மட்டும் கொடுங்கள், அல்லது வீட்டில் ஒருவர் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும்.

முடிவைக் குடும்பத்துக்குச் சொல்லும்போது நல்ல செய்தியையும் சொல்லுங்கள், அது உண்மை. 1992இல் அமெரிக்காவின் மக்லீன் வைத்தியசாலையில் தொடங்கிய ஆய்வில் சனரினி 290 எல்லைக்கோட்டு நோயாளிகளைப் பத்து வருடம் தொடர்ந்தார். 93 வீதத்தினருக்கு இரண்டு வருடமாவது அறிகுறி தணிந்திருந்தது. அதோடு வேலையும் உறவும் கூடிவந்தவர்கள் 50 வீதம். இந்த இடைவெளிதான் உங்கள் ஆய்வுக்கும் முக்கியம். பிஎச்கியூ மட்டும் பார்த்தால் தேறியவர் போலத் தெரிபவர் வேலையின்றி வீட்டுக்குள் இருக்கலாம். ஆகவே 12ஆம் மாதத்தில் இரண்டு வினா கூடுதலாகக் கேளுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் வேலை அல்லது படிப்பு, நெருங்கிய ஒருவரோடாவது உறவு தொடர்கிறதா.

ஒன்பதாவது வினா. பூச்சியம் தவிர்ந்த எந்தப் பதிலும் அன்றைக்கே பார்க்க வேண்டியது. தாள்களைப் பின்னேரம் சேர்த்துப் புள்ளியிடும் வழக்கத்தை விடுங்கள், ஆள் அறையை விட்டுப் போக முன் அந்த ஒரு வினாவைப் பாருங்கள். பிறகு நேரடியாகக் கேளுங்கள்: சாக வேணும் என்று நினைச்சீங்களா, எப்படி என்று யோசிச்சீங்களா, அதற்குரிய பொருள் வீட்டில் இருக்கா, முந்தி எப்போதாவது செய்தீங்களா, இப்போது செய்ய எண்ணம் இருக்கா. கேட்பதால் எண்ணம் முளைக்காது. திட்டமும் பொருளும் எண்ணமும் இருந்தால் தனியே விடாமல் கூட்டிக்கொண்டு கடமையில் இருக்கும் வைத்தியரிடம் போங்கள். அதற்கு எந்த இலக்கத்துக்கு, யாரிடம் என்பது தொடங்க முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். கிளினிக் இல்லாத நாளுக்கு வேறு பெயர் வேண்டும்.

உடனடி ஆபத்து இல்லாதவரோடு பாதுகாப்புத் திட்டம் எழுதுங்கள். ஒரு தாள், ஆறு பகுதி: நெருக்கடி வருகிறது என்று காட்டும் அறிகுறி, தனியாகச் செய்யக்கூடியது, மனதைத் திருப்ப ஆளும் இடமும், உதவி கேட்கக்கூடியவர், சேவைகள், ஆபத்தான பொருளை அகற்றுவது. எல்லாம் அவருடைய சொல்லிலேயே இருக்கட்டும். 'மனதைத் திருப்ப இடம்' என்பதில் பொதுவாகக் கடற்கரை என்று எழுத வேண்டாம். டச்பே கடற்கரை, பின்னேரம் ஐந்து மணி, தங்கச்சியோடு என்று எழுதுங்கள். ஆறாவது பகுதியை வீட்டாரோடு சேர்ந்து முடிக்க வேண்டும்: வயலுக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்து யாருடைய வீட்டுக்குப் போகிறது, இன்றைக்கா நாளைக்கா. ஒரு பிரதி அவரிடம், ஒன்று கிளினிக் கொப்பிக்குள், தொலைபேசியில் படம் எடுத்தும் வைக்கலாம்.

சேவைகள் பகுதியில் 1926ஐ எழுதுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் 24 மணித்தியால இலக்கம். கொடுக்க முன் நீங்களே ஒருதடவை எடுத்து, இரவு நேரத்தில் தமிழில் கதைக்க ஆள் கிடைக்கிறாரா என்று பாருங்கள். மாதாந்தத் தொலைபேசி அழைப்பில் யாராவது ஆபத்தாகப் பேசினால், அழைத்த உதவியாளர் இணைப்பைத் துண்டிக்காமல் இரண்டாவது தொலைபேசியில் மேற்பார்வையாளரைக் கூப்பிடக்கூடியதாக ஒழுங்கு செய்யுங்கள். அழைப்புகளைத் திங்கள் முதல் வியாழன் வரை காலையில் வையுங்கள். வெள்ளி பின்னேரம் எடுத்தால் அடுத்த கிளினிக் வரை இடையில் இரண்டு நாள் ஆள் இருக்காது.